குழாயைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தவர்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில். அதிகாலை ஜெபத்தில் உதித்தது என்று அளக்கத்தான் ஆசை. உண்மை என்னவென்றால் குழாய் ஒழுகியது, எங்கள் சபைக்கே வருகிற பிளம்பர் வந்தார், மல்லாந்து படுத்து முக்கால் உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டு கேட்டார்: "சார், ஒரு சந்தேகம். ஞானஸ்நானம் இன்னொரு வாட்டி எடுக்கலாமா?"

(குதிகால்களோடு இறையியல் பேசுவது கஷ்டம். முகம் தெரியாது.)

2.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "பாவத்தின் பாரத்தால் குனிந்த அந்த மனிதர்..." வேண்டாம். அவர் குனிவது குழாய்க்கு மட்டும்தான்.

இரண்டாவது: அவர் சட்டென்று கை ஓங்கிவிடுகிற ஆள். இது தேவலை. ஏழு மாதத்துக்கு முன், கல்யாணமான மகனை, அவனுடைய மாமனார் மாமியார் கண்ணெதிரே பளாரென்று அறைந்தார். "அப்பா போட்ட குழாய்தானே, ஒழுகத்தான் செய்யும்" என்று பையன் சிரித்தானாம், அவ்வளவுதான். அன்றிலிருந்து மகன் பேசுவதில்லை. ஆண்டவரும் பேச்சை நிறுத்திவிட்டார் என்பது பிளம்பரின் முடிவு. சபையில் அப்பத் துண்டுகளோடு கைக்குக் கை திருவிருந்துத் தட்டு வந்தால், தனக்குத் தகுதியில்லை என்று எடுக்காமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறார். ஏழு மாதமாக இதே கதை.

3.

ஒழுகினால் எங்கேயோ ஜாயின்ட் சரியில்லை என்று தேடுவது அவர் தொழில். ரட்சிப்பிலும் தேடினார், கண்டும்பிடித்துவிட்டார். சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்குக் குழாய் போட்டவர் அவரே. அதில் முதல் ஆளாக இறங்கியவரும் அவரே. பாஸ்டர் அவரை முக்குகிற அந்தப் புனித நொடியில், வால்வு பக்கம் சொட்டுவது கண்ணில் பட்டுத் தொலைத்தது. உடம்பு உள்ளே போயிற்று. வலது கை மட்டும் வெளியே நீண்டு ஜாயின்ட்டை இறுகப் பிடித்திருந்தது.

"அந்தக் கை நனையவே இல்ல சார். பையன அடிச்சது அந்தக் கைதான்."

நான் சிரித்துவிட்டேன். குதிகால்கள் சிரிக்கவில்லை.

வீட்டில் இதைக் கேட்ட அவர் மனைவியும் சிரிக்கவில்லையாம். "அப்போ கைய மட்டும் ஒரு வாளியில முக்கிக்கோங்க. உங்க வாய் முழுசா நனைஞ்சுதுதானே? அது என்ன பேச்சு பேசுது?"

4.

இங்கே என் அயோக்கியத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவர் மகன் காலில் விழுகிறார். இன்னொன்றில் ஏணியிலிருந்து விழுகிறார். மூன்றாவதில் ஒரு வருடம் ஒருவரையும் அடிக்காமல் இருந்து, "இப்போது தகுதியோடு அவர் தட்டை..." அதோடு கோடு போட்டு அடித்துவிட்டேன். கவனித்தீர்களா? மூன்றிலும் மனுஷனைப் பாடாய்ப் படுத்திய பிறகுதான் மன்னிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிருபை, கிருபை என்று தொண்டை கிழியப் பாடுகிறவன், பேனாவை எடுத்தால் கறாராக மார்க் போடுகிற வாத்தியாராகிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

5.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். சனிக்கிழமை பிளம்பர் சபைக்குப் போனார். பாஸ்டர் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, அன்னைக்குத் தொட்டியில நீங்க என்னப் பிடிச்சிருந்தீங்களா?"

"இல்ல பாஸ்டர். ஒரு கை பைப்புல, ஒரு கை மூக்குல."

"அப்புறம் எப்படி மேல வந்தீங்க?"

பிளம்பர் யோசித்தார். "நீங்க பிடிச்சிருந்தீங்க."

"உங்க கவனமெல்லாம் பைப்புல இருந்தப்பவும்?"

"ஆமா."

"நானே விடல. ஆண்டவர் விட்ருவாரா? பையன்கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க, அது கட்டாயம். ஆனா கேட்டாத்தான் ஆண்டவர் உங்கள வச்சுக்குவாருன்னு நினைக்காதீங்க. மறுபடி தொட்டியில இறக்க மாட்டேன், போங்க."

பிளம்பர் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். (உவமை தேடினேன், கிடைக்கவில்லை. அழுதார்.)

சாயங்காலம் மகன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். மகன் முழுதும் கேட்டுவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பும் வழியில் உரசிப் போன பைக்குக்காரனை நம்மவர் கெட்ட வார்த்தையில் திட்டியும்விட்டார். அதையும் நான் மறைக்கப்போவதில்லை.

6.

ஞாயிறு. தட்டு வருகிறது. அவருக்குப் பக்கத்து இருக்கை வழக்கமாக என்னுடையது. இன்று உங்களுக்குத் தருகிறேன். நான் உட்கார்ந்தால் மறுபடி மார்க் போட ஆரம்பித்துவிடுவேன். மகன் வரவில்லை. நேற்றுத் திட்டிய வார்த்தை இன்னும் அவர் காதிலேயே நிற்கிறது. எடுப்பாரா, தள்ளிவிடுவாரா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தட்டு இப்போது உங்களிடம். "எடுத்துக்கோங்கண்ணே" என்று சொல்லி அவரிடம் நீட்டுங்கள்.