ஜன்னல் வழியே இறங்கியவர்

எழுதிப் பழக்கமில்லாத நான் ஒரு சாவைக் கதையாக்கத் துணிந்ததை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பிழை தென்பட்டால் அது என் எழுத்தைச் சேர்ந்தது. அந்த வீட்டாரைச் சேர்ந்ததன்று.

சுழற்படிக்கட்டின் இரண்டாம் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மறுபடியும் சிக்கிக்கொண்டது.

"வெறும் ஸ்ட்ரெச்சருக்கே இந்தப் பாடு," என்றார் ஆம்புலன்ஸ்காரர். "நாற்காலியில உக்கார வச்சுக் கட்டி எறக்கிடலாம்மா. இந்தத் தெருவுல எல்லாரையும் அப்படித்தான் எறக்கறோம்."

இறந்தவரின் மகளுக்கு அது தெரியும். போன வருடம் எதிர்வீட்டுத் தையல்காரர் இறந்தபோது அவரை அவ்வாறே இறக்கினார்கள். தலை தொங்கி ஆடியது. பழைய நகரைக் காண வந்த பயணிகள் அதையும் படமெடுத்தார்கள். மேலிருந்து பார்த்த அப்பா அன்று முழுவதும் சாப்பிடவில்லை. இரவில், "என்னை அப்படிக் கட்டிடாதேம்மா," என்று மட்டும் சொன்னார்.

பேருந்து ஓட்டுநரின் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்த அவள், ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னலருகே போய் நின்றாள். திறக்க முடியாத ஜன்னல். நடுவில் கனத்த மரச்சட்டம். கீழே சுவரை ஒட்டியே தண்ணீர்.

"படகுக்கார மாமாவை வரச் சொல்லு," என்றாள் தம்பியிடம். "எஞ்சின் தூக்கற கிரேனோட."

விஷயம் தெருவுக்குள் பரவிய வேகத்தில் பழமைப் பாதுகாப்பு அலுவலகத்து இளைஞர் மூச்சிரைக்க மேலேறி வந்துவிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. முன்னூறு வருஷத்து ஜன்னல். ஆணி அடிக்கவே அனுமதி வேணும்."

"அப்பா ரெண்டு கோடையா உங்க ஆபீசுக்கு நடந்தாரே சார். ஒரு பக்கமாவது திறக்கற மாதிரி வச்சுக்கறேன்னு."

"ஆத்துல இருந்து பார்த்தா முகப்பு மாறிடும்னு..."

"அவருக்கு மூச்சு முட்டிச்சு சார்."

தம்பி அவளைத் தனியே இழுத்தான். "வாடகை வீடுக்கா. ஜன்னலத் தொட்டா வீட்டுக்காரர் நம்மளக் காலி பண்ண வச்சுடுவாரு. அப்பா போயிட்டாரு. அவருக்குத் தெரியவா போகுது?"

அதுவரை அப்பாவின் காலடியில் அமர்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டா."

பிறகு எழுந்து, ஜன்னல் விளிம்பில் இருந்த மருந்துப் புட்டிகளை எடுத்துத் தரையில் வைத்தாள். மகள், மெக்கானிக்காக இருந்த அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தாள்.

சட்டம் எளிதில் விடவில்லை. தம்பி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்து மறுமுனையைப் பிடித்தான். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஆற்றில் விழுந்தன. காற்று உள்ளே வந்தது. போர்வையின் ஓரம் அசைந்தது.

கீழே படகிலிருந்து படகுக்கார மாமாவின் குரல் எழுந்தது. "டேய் மெக்கானிக்கு! உன் எடைக்கு என் கிரேன் தாங்குமாடா? ஒடஞ்சா நீதான் எந்திரிச்சு வந்து ரிப்பேர் பண்ணணும், சொல்லிட்டேன்!" கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

அகலப் பலகையில் படுத்தபடி அப்பா வெளியே போனார். கயிறு விறைத்தது.

"சுவத்துல இடிக்காம... மெதுவா, மெதுவா," என்றார் அலுவலக இளைஞர். எதற்காக அப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கயிற்றைப் பிடித்திருந்தார்.

அந்நேரம் பயணிகள் படகொன்று வளைவில் திரும்பியது. ஒலிபெருக்கியில் முகப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டி நிறுத்திக்கொண்டார். ஒருவர் கைபேசியை உயர்த்தி, உடனே தயங்கித் தாழ்த்தினார்.

அம்மா உடைந்த ஜன்னலில் முழு உயரத்துக்கு நின்றாள்.

"எடுத்துக்கோப்பா," என்றாள் உரக்க. "நல்லா எடுத்துக்கோ. நேராப் படுத்திருக்காரு."

இழந்தவை: ஜன்னலின் நடுச்சட்டம், ஆறு கண்ணாடிகள், அடுத்த மாதம் அந்த வீடு, அப்பா.