செல்வநாயகியின் ரெக்கார்டு நோட்டு

"நோட்டுல இன்னிக்குத் தேதியில 'கிழக்குக் கால் எறும்புக் கிண்ணம் உடைந்தது'ன்னு எழுதியிருக்கற. கிண்ணமும் உடைஞ்சி கெடக்குது. எழுதிட்டமேன்னு நீயே போட்டு உடைச்சியா வாசுகி?"

"நான் எதுக்கு உடைக்கறேன்? அத எழுதி இருபது நாளாவுது."

"அப்ப இருபது நாளைக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா? நல்லாருக்குது கத. நீ தேனீ வளக்க வாணாம், கோயில் வாசல்ல கிளி வச்சிக்கிட்டு உக்காரு."

"கத்தாதீங்க. தெருவே பாக்குது."

தெரு பார்க்கத்தான் செய்தது. பார்க்க முடியாதவர்கள் மறுநாள் குழாயடியில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

புருஷன் பழமலைக்கு வருத்தம் கிண்ணத்தைப் பற்றி. தேனீப் பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால்தான் எறும்பு ஏறாது. செராமிக் யூனிட்டில் வேலை பார்க்கிற அவன், சூளையில் கோணிப்போன கிண்ணங்களைச் சோற்றுத் தூக்கில் மறைத்து, நாளைக்கு ஒன்றாக நாலு நாள் கொண்டுவந்திருந்தான். பெண்டாட்டிக்காகத் திருடியது உடைந்தால் யாருக்குத்தான் ஆறும்?

வாசுகிக்கோ தேனீ வளர்ப்புப் பரீட்சையை விட்டால் வேறு வழியில்லை. ஆறு வருஷம் பொம்மைப் பட்டறையில் அச்சுக்குள் களிமண் கரைசல் ஊற்றியதில் நெஞ்சில் தூசி படிந்து, இருமல் குடியேறிவிட்டது. பட்டறையை விட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரீட்சையில் தேறினால் பயிற்சி மையத்திலேயே கள உதவியாளர் வேலை. தேறாவிட்டால் மறுபடி பட்டறை, மறுபடி இருமல்.

எழுத்துப் பரீட்சை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாவு அரைக்கும்போதும் "முட்டை தேனீயாக ராணிக்குப் பதினாறு நாள், பணித் தேனீக்கு இருபத்தோரு நாள், ஆண் தேனீக்கு இருபத்துநாலு நாள்" என்று முணுமுணுப்பாள். செய்முறைக்கு மட்டும் ரெக்கார்டு நோட்டு வேண்டும். ஐம்பது நாள், தினமும் பெட்டியைத் திறந்து, கண்டதை எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் முத்திரையும் உண்டு. கிழித்தால் ஃபெயில், அடித்தாலும் ஃபெயில்.

ரெக்கார்டு நோட்டைத் தினமும் எழுதியவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எல்லோரும் செய்ததையே வாசுகியும் செய்தாள். போன வருஷ நோட்டு ஒன்றை வாங்கி, தேதியை மட்டும் மாற்றி, ஐம்பது நாளையும் ஒரே மத்தியானத்தில் பார்த்து எழுதிவிட்டாள்.

அந்த நோட்டு மூன்றாம் வீட்டுச் செல்வநாயகியுடையது. அவளும் போன வருஷம் இதே பரீட்சைக்குப் படித்தவள். செய்முறைத் தேர்வன்று காலையில் வீட்டை விட்டு இறங்கினாள், அவ்வளவுதான். நல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று புருஷன் பிரபாகரன் சொல்லிக்கொண்டிருந்தான், நல்லூர்க்காரர்களே அவளைத் தேடிக்கொண்டு வந்து நிற்கும் வரை. அதற்குப் பிறகு தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதாவது, அவன் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. செல்வநாயகியின் மாமியார் காசியம்மாள்தான், "அடுப்புல போடலாம்னு வச்சிருந்தேன், நீ எடுத்துட்டுப் போ" என்று நோட்டைக் கொடுத்தது.

முதலில் நடந்தவை சாதாரணமாகத்தான் இருந்தன. மஞ்சள் மகரந்தம் வந்தது என்று எழுதியிருந்தால் வந்தது. அது எல்லாப் பெட்டிக்கும் வரும். பிறகு, 'மூன்றாம் சட்டத்தில் ராணி அறை இரண்டு.' பெட்டியைத் திறந்து அடை கட்டிய சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டு. 'அடிப்பலகையில் அந்துப்பூச்சிப் புழு ஏழு.' ஏழே இருந்தது. இப்போது கிண்ணம்.

சண்டை ஓய்ந்தபின் மிச்சப் பக்கங்களைப் படித்தாள். நோட்டைப் புருஷனிடம் நீட்டினாள்.

முப்பத்தெட்டாம் நாள்: 'வேலி ஓரம் முகவலை போட்ட பெண் நின்றாள். பேசவில்லை.'

ஐம்பதாம் நாள்: 'காலை எட்டு மணி. பெட்டி காலி. நானும் கிளம்புகிறேன்.'

"எழுதறப்ப இத படிக்கலியா நீ?"

"பாத்து எழுதறப்ப யாரு படிப்பாங்க?"

முப்பத்தெட்டாம் நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தானே காபி கொடுப்பதாகப் பழமலை சிரித்தான். லீவு கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வந்து நின்றாள். தேனீக்காரர்கள் கொட்டுக்குப் பயந்து போடுகிற கறுப்பு வலை, தலையிலிருந்து தோள் வரைக்கும். மையத்து ஆள் என்று நினைக்க வாசுகி ஆனமட்டும் முயன்றாள்.

"சென்டர்லேருந்து வரீங்களா மேடம்? டீ போடட்டுமா?"

பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் வரிசையாகப் போய் அவள் கையில் முழங்கை வரை உட்கார்ந்தன. அவள் உதறவில்லை. வலைக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில் மட்டும் தெரிந்தது.

வடகம் காயவைத்துக்கொண்டிருந்த காசியம்மாள், "யாருகிட்ட பேசற அம்மாடி?" என்று எட்டிப் பார்த்தது. பார்த்ததும் வடகத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. பிறகு கேட்டவர்களிடம், ஒன்றுமே பார்க்கவில்லையாம், அன்று தலைவலியாம். தலைவலிக்கு ஜன்னலை எதற்குச் சாத்த வேண்டும்?

ஐம்பதாம் நாள் மாசிமகத்துக்கு மறுநாளாக வந்தது. பரிசோதகர் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பழமலை வேலைக்குப் போகவில்லை. வேலிக் கதவைச் சைக்கிள் சங்கிலியால் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சிரிப்பு மட்டும் அன்றைக்கு வரவில்லை.

எட்டு மணிக்குப் பெட்டியிலிருந்து கூட்டம் புகைபோல எழும்பியது. வேப்பமரத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மூடிக் கிடந்த பழைய சூளைப் பக்கமாகப் போய் மறைந்தது. வாசுகி எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற?"

"தெரியல."

அவள் குரல்தான், ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்வது போலிருந்தது. பூட்டிய கதவை இரண்டு கையாலும் இழுத்தாள். பிடித்து நிறுத்தியவனை முன்பின் பார்த்திராதவள் போலப் பார்த்தாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது, இழுப்பதை நிறுத்தவில்லை.

பழமலைக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் யூனிட்டில் பதிவேட்டை அடிக்காமல் சரிக்கட்டும் வித்தை தெரிந்தவன். உள்ளே ஓடி நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து அவள் கையில் திணித்தான்.

"அடிக்கத்தான கூடாது? கீழ ஒரு வரி சேத்து எழுதக் கூடாதுன்னு எவனும் சொல்லலியே. எழுது தாயி. உன் கையால எழுது."

நின்றபடியே எழுதினாள். எழுத்து கோழி கிளறியது போலிருந்தது. 'ஒன்பது மணி. கூட்டம் திரும்பியது. நான் வீட்டில் இருக்கிறேன்.' எழுதி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து, "கை எரியுதுங்க" என்றாள்.

ஒன்பது மணிக்குத் திரும்பியது. ஜங்ஷனைத் தாண்டுகிற கூட்ஸ் வண்டி போல இரைச்சல். போனதைப் போல இரண்டு மடங்கு. பெட்டி கொள்ளாமல் வாசலில் தாடியாகத் தொங்கியது. பாதித் தேனீக்கள் வழக்கமான பழுப்பு. மீதிப் பாதியின் மேல் சூளையின் வெள்ளைக் களிமண் தூள். தன் கூட்டமா, செல்வநாயகியின் கூட்டமா, எது திரும்ப வேண்டும் என்று வாசுகி எழுதியிருக்கவில்லை.

பரிசோதகர் கோகுலகிருஷ்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார், தலையாட்டினார், மூன்றாம் சட்டத்தைத் தூக்கினார்.

"ஒரு பெட்டிக்கு எத்தனை ராணிம்மா?"

"ஒண்ணு சார்."

"ரெண்டு இருந்தா?"

"சண்ட போட்டு ஒண்ணு செத்துடும் சார்."

"அப்ப இதுக்கு என்னா சொல்ற?"

ஒரே அடையில் இரண்டு ராணிகள், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை, அக்கா தங்கை கோயிலுக்குப் போவது போல ஒன்றையொன்று ஒட்டி நடந்துகொண்டிருந்தன. வாசுகி படித்த பாடத்தில் அது இல்லை. பரிசோதகர் படித்ததிலும் இல்லை போல. சட்டத்தை இறக்கி, மூடியைப் போட்டு, நோட்டில் கையெழுத்து வைத்தார். ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வாசுகி தேறினாள். வைகாசியில் நல்லூர்ப் பக்கம் வேலை போட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இருமல் நின்றுவிட்டதாம். பெட்டியை மையத்திலிருந்து வந்து எடுத்துப்போனார்கள். பழைய சூளைக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நாலு பேர் சொன்னார்கள், போனவர் ஒருவருமில்லை. காசியம்மாள் அந்த வைகாசியிலேயே மகனோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேப்பூருக்குப் போய்விட்டது. பிரபாகரனுக்கு ஆவணியில் அங்கேயே கல்யாணம், ஹைவேயில் ஓட்டல் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், பெயர் இனியா. மூத்தவளைப் பற்றிப் பெண் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதுதான் தெருவுக்கு இன்று வரை தெரியவில்லை.