பன்னிரண்டாவது நகர்த்தல் வரைக்கும்

ஷாலின் எழுதிய செஸ் புரோகிராமுக்கு நண்டு என்று பெயர். ஒரகடத்தில் பிரேக் செய்யும் கம்பெனியில் அவளுக்குக் குவாலிட்டி வேலை. ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து, மூன்று வருஷமாக எழுதினாள்.

நடு ஆட்டத்தில் நண்டு பலசாலி. தொடக்கத்தில்தான் திணறும், முதல் பத்து நகர்த்தலுக்கே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அதனால் அதற்கு ஒரு தொடக்கப் புத்தகம் செய்து கொடுத்தாள். புத்தகம் என்றால் ஒரு ஃபைல்தான். ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களின் முதல் நகர்த்தல்கள் அதில் இருந்தன. புத்தகம் தீரும்வரை நண்டு யோசிக்காது, பார்த்து ஆடும். அதன்பிறகு, முன்பு யாரிடம் தோற்றதோ அவர்களையே ஜெயிக்க ஆரம்பித்தது.

கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் தளவாய் திருநெல்வேலிக்காரர், மாவட்டப் போட்டி ஆடியவர். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"கறுப்புக்கு இந்த வரிசை வேண்டாம்மா, எடுத்துரு. பன்னிரண்டாவதுல வெள்ளை குதிரையைக் குடுத்து உடைச்சா, ராஜாவுக்கு ஒதுங்க இடமே இல்லலா."

"இதுல நூத்துக்கு எழுபத்தெட்டு ஆட்டம் கறுப்புதாண்ணே ஜெயிச்சிருக்கு."

"எதிராளி யாரும் அதைப் பாக்கல போல."

ஷாலின் எண்ணிக்கையை நம்பினாள். எடுக்கவில்லை.

இணையத்தில் புரோகிராம்களுக்கென்று நடந்த போட்டியில் நண்டு இறுதிச் சுற்றுவரை போனது. புத்தகத்தை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், போட்டி முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி.

ஞாயிறு மத்தியானம் சர்ச்சிலிருந்து வந்ததும் ஷாலின் லேப்டாப்பைத் திறந்தாள். தளவாயும் வந்திருந்தார். மொத்தம் நாலு ஆட்டம். முதலாவதில் நண்டுக்குக் கறுப்பு. கண்மூடித் திறப்பதற்குள் பதினொரு நகர்த்தல் ஓடியது. பன்னிரண்டாவதில் வெள்ளைக் குதிரை உள்ளே பாய்ந்தது.

புத்தகம் அங்கே முடிந்தது. நண்டு முதல்முறையாக யோசித்தது. பதினொரு நிமிஷம். தான் தோற்றுக்கொண்டிருப்பதாக அதுவே மதிப்பெண் காட்டியது.

அந்த ஆட்டம் தோல்வி. இரண்டாவது டிரா. மூன்றாவதில் மறுபடி கறுப்பு.

"அவங்க அதையேதான் ஆடுவாங்கண்ணே," என்றாள் ஷாலின். அந்த ஒரு வரிசையை மட்டும் நீக்க அனுமதி கேட்டு நடத்துபவர்களுக்கு எழுதினாள். முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அதே பதினொரு நகர்த்தல், அதே வேகம். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குதிரை பாய்ந்தது. நண்டு மறுபடியும் புதிதாய்ப் பார்ப்பதுபோல நெடுநேரம் யோசித்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலாவது ஆட்டத்தை நண்டு பிரமாதமாக ஜெயித்தது. மூன்றாவதும் தோல்விதான் என்பதால், ஒரு புள்ளியில் கோப்பை போனது.

"அன்னிக்கே திட்டியாவது எடுக்க வச்சிருக்கலாம்லண்ணே?"

தளவாய் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"நீ எழுபத்தெட்டுன்னு சொன்னதும், நான்தான் தப்பாப் பாத்துட்டேனோன்னு நெனச்சேம்மா."