பிளக்கைப் பிடுங்குகிறவள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மறைப்பானேன்? வெயிலுக்கு ஒதுங்க ஓர் அரங்குக்குள் நுழைந்தேன். உள்ளே வட்டார மாநாடு. யாரும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடியிருந்தார்கள். யாரோ என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். பெயர் எழுதும் இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

2

நான் எழுதிய முதல் வரி: 'மேடையேறியபோது அவள் கைகள் நடுங்கின.' அடித்துவிட்டேன். நடுங்கவில்லை. [நடுங்கினால் உங்களுக்கு இரக்கம் வரும் என்று பார்த்தேன். அவளுக்கு எதற்கு அது?]

எல்லோருக்கும் அவள் 'பிளக் அக்கா'. ரத்த வங்கி ஒன்றின் தரவுத்தளத்தைக் கட்டிக் காக்கிறவள். வருடா வருடம் கடைசி அமர்வில், கணினி மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவாள். மறுபடி மாட்டினால், 'பதிந்துவிட்டேன்' என்று அது சொன்ன ஒவ்வொரு பதிவும் இருந்தாக வேண்டும். பொய் சொல்லும் கணினியை நம்பி யாருக்கும் ரத்தம் ஏற்ற முடியாது என்பது அவள் கட்சி. அதற்காகவே பேட்டரி இல்லாத பழைய கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள்.

3

மாநாட்டை நடத்துகிறவன் அவள் தம்பி.

"அக்கா, போன வருஷ வீடியோவையே போட்டுடலாம். ஹால் கொடுத்த கம்பெனிக்காரங்க முன்னாடி உக்காந்திருக்காங்க. சொதப்பிச்சுன்னா அடுத்த வருஷம் நாம தெருவுலதான்."

"தெருவுல பிளக் பாயிண்ட் இருக்கான்னு பாத்து வை."

(அந்தக் கம்பெனி விற்பதும் தரவுத்தளம்தான். ஆனால் யாரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி பூட்டிய பெட்டியில்.)

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். தரவுத்தளத்தின் செட்டிங்ஸைத் திரையில் காட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். எழுதியதை உடனுக்குடன் கணினியின் வட்டில் பதித்தே தீர வேண்டும் என்ற கட்டளை அணைந்து கிடந்தது. ஒத்திகை சீக்கிரம் முடியட்டும் என்று முந்தின நாள் அவளே அணைத்தது. திரும்பப் போட மறந்துவிட்டாள். இந்தத் தொழிலில் ஊறியவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற முட்டாள்தனம். இப்படியே பிடுங்கினால் பதிவுகள் அம்பேல்.

நான் காப்பாற்றப் பார்த்தேன். 'அந்த நேரம் பார்த்து அரங்கில் மின்சாரம்' — சீ, வேண்டாம். 'யாரும் கவனிக்காதபடி அவள் சத்தமில்லாமல் அதை' —

அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"இந்த வரியைப் பாருங்க. பாதுகாப்பை நான்தான் அணைச்சேன். போட மறந்துட்டேன்."

முன்வரிசையில் கம்பெனிக்காரர் சிரித்தார். "ஓசின்னா இப்படித்தாங்க. எங்ககிட்ட இதெல்லாம் நடக்காது."

"நடக்காதா, வெளிய தெரியாதா? என் தப்பு இத்தனை பேர் கண்ணுக்கும் தெரியுது சார். உங்க பெட்டிக்குள்ள இருக்கறது உங்களுக்காவது தெரியுமா?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவள் கட்டளையைத் திரும்பப் போட்டாள். கணினியை எழுத விட்டாள். குனிந்து பிளக்கைப் பிடித்தாள்.

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் எல்லாப் பதிவுகளும் திரும்பிவிடுகின்றன, கம்பெனிக்காரர் எழுந்து நின்று கைதட்டுகிறார். [எனக்கே குமட்டுகிறது.] இன்னொன்றில் ஒரே ஒரு பதிவு குறைகிறது. ஹால் போச்சு. தம்பி அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான்.

இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியர் முதலாவதையே வைக்கச் சொன்னார். மாட்டேன். எது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதுவும் போன வருஷ வீடியோதான். அவள் போட மறுத்ததை நான் போடுவேனா?

இன்னும் குனிந்தே இருக்கிறாள். திரையில் எண்கள் ஓடுகின்றன. கம்பெனிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நீங்களும் முன்வரிசைக்கு வாருங்கள், பிளக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிடுங்குங்கள்.