மேசைவரை பதினோரு அடிகள்

ரொட்டித் தட்டு என் முன்னால் வந்தபோது நான் தேவாலயத்தில் திருவிருந்து மேசையின் முன் உட்கார்ந்திருந்தேன். அங்கே எப்படிப் போனேன் என்பதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நான்கு முறையும் ஒரே இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் சபையில் எண்ணூறு பேர். அந்த மேசைக்குப் போய் ரொட்டி உண்கிறவர்கள் பதினாறு பேர்தான், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தங்களைத் தெரிந்துகொண்டார் என்ற நிச்சயம் உள்ளுக்குள் கிடைத்தவர்கள் அவர்கள். அது கிடைக்காதவர் போய் உண்டால் ஆக்கினைத்தீர்ப்பு, தேவனுடைய தண்டனை. அந்த நிச்சயத்தை நாமாக வரவழைக்க முடியாது, காத்திருக்கலாம், அவ்வளவுதான். அம்மா பத்தொன்பது வயதில் சபைக்கு முன்னால் விசுவாச அறிக்கை செய்தவள். இப்போது அறுபது. வருடத்துக்கு நான்கு திருவிருந்து. ஒருமுறைகூட அவள் இருக்கையைவிட்டு எழுந்ததில்லை. நானும் இரண்டு வருடத்துக்கு முன்பு அறிக்கை செய்தேன், வயது வந்ததும் எல்லோரும் செய்வதுபோல.

எங்களோடு இருக்கும் கொர்னேலியா அத்தை, அப்பாவின் அக்கா, அந்தப் பதினாறு பேரில் ஒருத்தி. ஞாயிறன்று சங்கீதப் பாட்டு தொடங்கியதும் எழுந்து நடந்தாள். நடுவழியில் முழங்கால் மடங்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் தாங்கினேன். மாலை வகுப்பில் முதியோர் பராமரிப்பு படிக்கிறேன். அந்தப் பிடி கைக்குப் பழகியிருந்தது. மேசைவரை பதினோரு அடிகள். அவளை உட்காரவைத்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் என் மணிக்கட்டை விடவில்லை. பக்கத்தில் இருந்த, சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான மரினுஸ் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். எண்ணூறு பேர் பார்க்க மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி நடப்பது? உட்கார்ந்தேன். தட்டு வந்தது. ஒரு துண்டை எடுத்தேன். அதை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். இங்கேதான் பேனா நிற்கிறது.

ஆராதனை முடிந்ததும், இதுவரை என்னிடம் பேசாதவர்கள்கூடக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மா வீட்டு வாசல்வரை எனக்கு முன்னால் நடந்தாள். சாவியைக் கதவில் வைத்தபடி கேட்டாள்.

"எப்ப நடந்துச்சு, மினா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள், "நாப்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்டி நான்," என்று உள்ளே போய், ஓய்வுநாளில் வேலை கூடாதென்று சனிக்கிழமையே சீவித் தண்ணீரில் போட்டிருந்த உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்.

திங்களன்று வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி தெஸ்ஸாவிடம் சொன்னேன். அவளுடைய சபையில் கிட்டார் வாசிப்பார்கள், எல்லோருக்கும் ரொட்டி உண்டு. "கால் உன்னுது, கை உன்னுது. அப்புறம் யாரு முடிவெடுத்தா, பக்கத்து வீட்டுக்காரரா?" என்று சிரித்தாள். முடிவு மனிதனுடையதா தேவனுடையதா என்பது, நானூறு வருடத்துக்கு முன்பு எங்கள் நாட்டு டோர்ட்ரெக்ட் நகரில் போதகர்கள் ஆறு மாதம் கூடி உட்கார்ந்து தீர்த்த வழக்கு. எங்களுக்குப் பதினைந்து நிமிடக் காபி இடைவேளை போதவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எண்பது வருஷம் மடங்காத முட்டி அன்னிக்குப் பாத்து மடங்குச்சே, சும்மாவா?"

இருவர் சொல்வதுமே சரியென்று பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

இன்று மாலை மூப்பர்கள் வந்தார்கள். புதிதாக மேசைக்கு வந்தவரின் வீட்டுக்குக் கறுப்பு உடையில் இருவர் வந்து, தேவன் உன்னை எப்படி நடத்தினார் என்று கேட்பது வழக்கம். மரினுஸ் கேட்டார், மற்றவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேவனுடைய அழைப்பு வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா நம்பிவிடுவாள், சபையும் நம்பிவிடும். சொல்லாவிட்டால், தகுதியில்லாமல் உண்டவள் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அம்மா காபிக் கெண்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். முழங்காலில் தொடங்கி நடந்ததை நடந்தபடியே வரிசையாகச் சொன்னேன்.

மரினுஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "தட்டைத் தள்ளி விட்டிருக்கலாமேம்மா."

"எடுக்கணும்போல இருந்துச்சு, மூப்பரையா."

"உனக்கா தோணுச்சா, தேவன் தோண வச்சாரா?"

"தெரியலை."

கண்டிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நகந்து எடம் விட்டது நானு. யோசிச்சு விடலை. ஏன் விட்டேன்னு மூணு நாளா எனக்கும் தூக்கமில்லை," என்றார். மற்ற மூப்பர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த திருவிருந்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, ஜெபித்துக்கொண்டிரு என்று மட்டும் சொல்லி மரினுஸ் தொப்பியை எடுத்தார்.

அப்போதுதான் அம்மா பேசினாள். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது.

"அடுத்த தடவை நாத்தனாரை மேசைக்கு நான் கூட்டிட்டு வரலாமா, ஐயா?"

அவள் கெண்டியை மேசைமேல் வைத்திருந்தாள். அவளுடைய இடது கை மட்டும், யாரோ வந்து பிடித்துக்கொள்வதற்காக மடித்து வைத்ததுபோல, உடம்பைவிட்டுச் சற்று விலகி நின்றது.