ஏழு வெள்ளைப் பூ

ஞாயிறு காலை மாமா பூ வாங்கி வரச் சொன்னார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. தென்காசி கோயிலில் உலகம்மன் சன்னதி முன்னால் பூக் கட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை வந்தால் லாட்டரியை விட்டுவிடுவார். சிவப்பு வந்தால் ஆரியங்காவு போய் ஒரே ஒரு சீட்டு வாங்குவார்.

மாமா என்றால் ஸ்ரீதேவியின் அப்பா, அய்யாத்துரை. ஸ்ரீதேவி என் மனைவி. காய்ச்சல் வந்து நான்காம் நாள் போய்விட்டாள். பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. செங்கோட்டை தாண்டி மலையேறினால் கேரளா, ஆரியங்காவு. மாமா வாரம் மூன்று முறை ஏறுவார். சீட்டைத் திருநீற்றில் புரட்டிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவார். விழுந்தால் திருமலைக்கோயில் முருகனுக்கு இத்தனை சதவீதம், குற்றாலநாதருக்கு இத்தனை என்று வேண்டிக்கொள்வார். நான் புள்ளியியல் படித்தவன். ஒருநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பது வந்தது. முதல் பரிசே விழுந்தாலும் கைக்காசு போட வேண்டியிருக்கும்.

அத்தை பெயரும் உலகம்மைதான். இனி ஒரு சீட்டைக் கண்டால் அச்சன்புதூரில் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று சனிக்கிழமை சொல்லிவிட்டார். பையும் கட்டி வாசலில் வைத்துவிட்டார். அதனால்தான் மாமா கோயில் உலகம்மையிடம் அப்பீலுக்குப் போனார்.

"இவ எதுத்துப் பேச மாட்டா மாப்ள" என்றார்.

இரண்டு வாழையிலைத் துண்டில் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்துக் கட்டினேன். மாமா கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை.

எனக்கு நிம்மதி. மாமாவுக்கு இல்லை. அம்மன் சரியாகக் கவனித்திருக்க மாட்டாள், மூன்றுக்கு இரண்டு பார்ப்போம் என்றார். அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. இவர் இங்கேயும் சீட்டுத்தான் எடுக்கிறார்.

இரண்டாம் முறை இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்தேன். வெள்ளை வந்தது. ஐந்துக்கு மூன்று என்றார். அப்புறம் ஏழுக்கு நாலு. நாலு வந்த பிறகும் ஏழு தடவையும் எடுத்து முடித்துவிடுவோம் என்றார். ஏழும் வெள்ளை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமாவின் கண் கலங்கியது. முடிந்தது என்று நினைத்தேன்.

"மாப்ள, நீங்க படிச்சவங்க. வரிசையா ஏழு வெள்ளை வர சான்ஸ் எவ்வளவு?"

யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன். "நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பாத்துக்கிடுங்க, இன்னைக்கு நமக்கு எப்பேர்ப்பட்ட நேரம்னு. நம்பரும் அவளே சொல்லிட்டா. நூத்தி இருபத்தெட்டுல முடியுத சீட்டு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பேருந்து நிலையத்தில் செங்கோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மாமா படியில் ஒரு கால் வைத்தபோது கையைப் பிடித்தேன்.

"மொதப் பூதான் சாமியோடது. மிச்சம் ஆறும் என்னோடது. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

மாமா திரும்பிப் பார்த்தார். நடத்துநர், பெரியவரே ஏறுதியளா இல்லையா என்றார்.

"சாமி முன்னாலயா ஏமாத்துனிய?"

"ஆமா. அத்தையும் போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க மாமா போவேன்?"

அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. கையை விட்டுவிட்டேன்.

மாமா காலைக் கீழே வைத்தார். பஸ் போனது.

"கல்யாணத்துல ஒரு மோதிரம் கேக்கல நீங்க. தல தீபாவளிக்கும் ஒண்ணும் கேக்கல. இந்த மனுசன் என்னைக்காவது கேப்பாரான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாமி சொன்னா இன்னொரு தடவ பூப் போட்டுக் கேக்கலாம். மாப்ள வாயத் தொறந்து கேட்டுட்டா நான் என்ன செய்ய?"

நான் இன்னும் மாப்பிள்ளைதானா என்று பதினான்கு மாதமாக எனக்குச் சந்தேகம் இருந்தது.

நேரே வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது, கால் தானாக ஆரியங்காவு பக்கம் திரும்பும் என்றார் மாமா. குற்றாலம் பஸ்ஸில் ஏறினோம். சாரல் அடித்தது. சீட்டுக்கு வைத்திருந்த காசில் ஐந்தருவியில் தேய்த்துக் குளிக்க எண்ணெய் வாங்கினார். அங்கிருந்தே அத்தைக்குப் போன் போட்டார். அத்தை நம்பவில்லை, ஆரியங்காவிலிருந்துகொண்டு பொய் சொல்வதாகச் சொன்னார். மாமா போனை அருவிப் பக்கம் நீட்டினார். அரை நிமிஷம் அத்தை தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, தலையை நன்றாகத் துவட்டச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தண்ணீருக்குள் போனேன். குளிர் எலும்பு வரை இறங்கியது. கத்தினேன். நான்தான் கத்தினேன் என்பது ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

மாமா பக்கத்தில் நின்று அண்ணாந்து ஐந்து கிளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இதுல எது மொதல்ல வத்தும்? சொல்லுங்க பாப்பம்."

"மாமா."

"சும்மா கேட்டேன்" என்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.