பூசணி விதையும் ஐந்து மணி ரயிலும்

கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் போட்டுக் கொடுக்கும் அந்த அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கே வேலை செய்யும் பதினோரு பேரின் முகங்களை வரிசையாக உட்கார வைத்தால், சாவு வீடே வெட்கப்பட்டு எழுந்து போய்விடும். அதற்கு முதலாளி பழனியப்பன் காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"மெக்னீசியம் இல்ல, துத்தநாகம் இல்ல, இரும்புச்சத்து இல்ல. அதான் மூஞ்சி தொங்குது!"

அந்தப் பதினோரு பேரில் உஷாராணியும் ஒருத்தி. ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலை தினமும் எட்டு மணிவரை இழுக்கும். அதற்குமேல் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு ஒரு மணி நேர ரயில். எட்டு மாதமாக அவள் மாலை வெயிலையே பார்க்கவில்லை. சில நாள் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நேரத்தோடு வீட்டுக்கு விடும்படி கேட்டதற்கு மெக்னீசியம் மாத்திரை கிடைத்தது.

சத்துணவு ஆலோசகர் தாமரையையும் பழனியப்பன் அழைத்து வந்தார். அவர் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார். ஒன்றில் தின்றதை எழுத வேண்டும். இன்னொன்றில் மனச்சோர்வு பற்றி ஒன்பது கேள்வி, மொத்தம் இருபத்தேழு புள்ளி. புள்ளி ஏற ஏறச் சோர்வு அதிகம். உஷாராணிக்கு இருபத்தொன்று. பழனியப்பனுக்குப் பூஜ்யம். அந்த மனிதரிடம் வருத்தம் எப்படி இருக்கும்? உள்ளதையெல்லாம் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டாரே!

அதன்பின் ஒரு மாதம் பூசணி விதை, வாழைப்பழம், நெத்திலி. மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. தொலைபேசியை எடுத்தாலும் விதை கொட்டியது.

"அக்கா, இன்னும் ரெண்டு வாரம் போனா எனக்குச் சிறகு முளைச்சிரும் லா," என்றான் பக்கத்து மேசை குகன்.

"முளைச்சா நல்லதுதான்டா. ஜன்னல் வழியா வீட்டுக்குப் போயிடலாம்."

மறுபடி கணக்கெடுத்தார்கள். உஷாராணிக்கு இருபத்திரண்டு.

அப்போதுதான் தைப்பூச விரதம் வந்தது. பதினோரு பேரும் ஒருவேளைச் சைவச் சாப்பாட்டுக்கு மாறினார்கள். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் பூசைக்குக் கிளம்பினார்கள், பழனியப்பன் தடுக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் விரதக்காரன் ஒருவனைப் பூசைக்கு விடாமல் பிடித்து வைத்தார். அன்றைக்கே பெடரல் நெடுஞ்சாலையில் அவர் கார் நட்டநடுவில் நின்றுபோனது. பின்னால் சிங்கப்பூர்வரை வண்டிகள் நின்றதாகக் கேள்வி. காருக்கு எண்ணெய் மாற்றாதது அவர் நினைவுக்கு வரவில்லை. முருகன் கோபித்துக்கொண்டார் என்று முடிவு கட்டிவிட்டார்.

பூசம் முடிந்த மறுநாள் தாமரை மூன்றாவது கணக்கோடு வந்தார்.

"சார், எல்லாருக்கும் சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா சோர்வும் குறைஞ்சிருக்கு. உஷாராணிக்கு இப்ப ஆறுதான். சாப்பாடு மட்டும் காரணமா இருக்க முடியாது. இந்த மாசம் இவங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாங்கன்னு பாருங்க."

கடைசி வரி காதில் ஏறுவதற்குள் பழனியப்பன் மேசையைத் தட்டினார். "அப்போ விரதம்தான் மருந்து! இனிமே வருஷம் பூரா விரதம். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் மிச்சம். பூசம்தான் முடிஞ்சிருச்சே, எட்டு மணிவரைக்கும் தெம்பா வேலை பார்க்கலாம்!"

இந்தத் தலைக்குள் எந்தச் சத்தைப் போட்டாலும் வீண் என்று உஷாராணிக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் அந்த எட்டு மணியை அப்படியே விட முடியாது. எழுந்து நின்றாள். முகத்தில் அத்தனை பக்தி.

"சரிங்க பாஸ். இன்னிக்கே ஆரம்பிக்கிறோம். ஆனா விரதக்காரங்க சாயங்காலப் பூசைக்குப் போகணுமே. அஞ்சு மணிக்கு விட்டுருங்க."

"தினமுமா?"

"விரதம் தினமும்தானே, பாஸ்? வேணாம்னா பரவால்ல." ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். "உங்க காரு வேற புதுசு."

பழனியப்பனும் கீழே பார்த்தார். நெற்றி வியர்த்தது.

"போயிட்டு வாங்க," என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்தடித்ததும் உஷாராணி கோயில் வாசலில் நின்று நன்றியாக ஒரு கும்பிடு போட்டாள். ரயில் பிடித்தாள். கிள்ளானில் இறங்கும்போது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அதில் ஒரு நிமிடம் சும்மா நின்றாள். பிறகு நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஆட்டு ஈரல் இருக்கா? கொஞ்சம் இறாலும் வைங்க."

"என்னம்மா, வெள்ளிக்கிழமை விரதம் இல்லையா?"

"அதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ்ல, அண்ணே."